மாலை மாத்திரை கொடுக்கும் பெற்றோருக்கு



வீசிங் வரும் பிள்ளைக்கும், காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மும் பிள்ளைக்கும் தினமும் சாயங்காலம் ஒரு சின்ன மாத்திரை கொடுக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல். மாத்திரையின் பெயர் மாண்டெலூகாஸ்ட். நம் ஊரில் பெரும்பாலும் லீவோசெட்ரிசின் என்ற அலர்ஜி மருந்தோடு சேர்ந்தே வருகிறது. ‘எல்.சி. மாத்திரை ஒரு அட்டை கொடுங்க’ என்று மெடிக்கலில் நீங்கள் கேட்பது அதைத்தான். நான் அந்தக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் மருந்தாளுநர். பின்னால் பத்துப் பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில் நின்று நிதானமாகச் சொல்ல முடியாததை எழுத்தில் சொல்லப் பார்க்கிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூச்சுக்காகக் கொடுக்கும் இந்த மாத்திரை, சில பிள்ளைகளுக்கு உறக்கத்தையும் மனநிலையையும் பாதிக்கிறது. எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு தொந்தரவும் வராது. ஆனால் வரும்போது அது மாத்திரையால் வந்தது என்று வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை. இரவில் அலறி எழுந்தால் பேய்ப்படம் பார்த்திருப்பான் என்கிறோம். எரிந்து விழுந்தால் செல்போன்தான் காரணம் என்கிறோம். சுருண்டு படுத்துக்கொண்டால் பரீட்சை பயம் என்கிறோம், அல்லது திருஷ்டி சுற்றிப் போடுகிறோம். எட்டு வயதுப் பிள்ளை தங்கையைக் கடித்து வைத்தால் அடிதான் விழுகிறது. சாயங்காலம் நாம் கையில் வைத்துக் கொடுத்த மாத்திரை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1998-இல் இம்மருந்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மனநிலை மாற்றங்கள் பற்றிய புகார்கள் வரத் தொடங்கியதும் 2008-இல் அதை ஆராய ஆரம்பித்தது. பிறகு மருந்துக் குறிப்பில் எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டது. இருந்தும் பல பெற்றோருக்கும், மருத்துவர்களிலேயே சிலருக்கும் விஷயம் போய்ச் சேரவில்லை என்று கண்டு, 2020 மார்ச்சில் தன்னிடமுள்ள மிகக் கடுமையான எச்சரிக்கையை, கறுப்புக் கட்டம் போட்டு அச்சிடும் எச்சரிக்கையை, இந்த மாத்திரைக்கு விதித்தது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2024-இல் இதை மறுபடி வலியுறுத்தியது. எலிகளில் செய்த ஆய்வுகளில் இம்மருந்து மூளைக்குள்ளும் போவது தெரிந்திருக்கிறது. அங்கே போய் என்ன செய்கிறது என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

எவ்வளவு பேருக்கு வரும் என்று கேட்பீர்கள். பிரிட்டனில் இம்மாத்திரையோடு கொடுக்கும் துண்டுத்தாளில் இப்படிப் பிரித்திருக்கிறார்கள்: கெட்ட கனவு, தூக்கமின்மை, தூக்கத்தில் நடப்பது, எரிச்சல், பதற்றம், முரட்டுத்தனம், மனச்சோர்வு ஆகியவை 100 பேரில் ஒருவர் வரைக்கும் வரலாம். கவனம் சிதறுவது, மறதி, கை நடுக்கம் 1,000 பேரில் ஒருவர் வரைக்கும். இல்லாதது கண்ணில் தெரிவது, திக்கிப் பேசுவது, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வது, தற்கொலை எண்ணம் ஆகியவை 10,000 பேரில் ஒருவர் வரைக்கும். நூற்றில் ஒன்று என்பது சின்ன எண்தான். ஆனால் இந்த மாத்திரை எத்தனை வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று கவுன்டரில் நிற்கிற எனக்குத் தெரியும்.

ஆகவே மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளை இப்போது எப்படித் தூங்குகிறது, எவ்வளவு சாப்பிடுகிறது, எதற்கெல்லாம் கோபப்படுகிறது என்பதை வீட்டுக் காலண்டரின் ஓரத்திலாவது இரண்டு வரி குறித்து வையுங்கள். மாத்திரை தொடங்கிய தேதியையும் எழுதுங்கள். பிறகு ஏதாவது மாறினால், ‘இது முன்பே இருந்ததுதானே’ என்று குழம்ப வேண்டியிருக்காது. மருத்துவரிடம் காட்டவும் உதவும். பிள்ளைக்கு முன்பே மனநலத் தொந்தரவு இருந்திருந்தால் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். அதேசமயம், முன்பு எதுவுமே இல்லாத பிள்ளைகளுக்கும் இது வந்திருக்கிறது. எங்கள் பிள்ளைக்கு வராது என்று யாரும் இருந்துவிட முடியாது. சிலருக்கு மாத்திரையை நிறுத்திய பிறகுதான் தொந்தரவு தலைகாட்டியிருக்கிறது. சிலருக்கு நிறுத்திய பின்னும் கொஞ்ச காலம் நீடித்திருக்கிறது.

மாற்றம் தெரிந்தால் இந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அடுத்த மாதம் எப்படியும் போகத்தானே போகிறோம் என்று தள்ளிப்போடாதீர்கள். நிறுத்துவது இதை மட்டும்தான். மருத்துவர் எழுதிய இன்ஹேலரைக் கூடவே நிறுத்திவிட்டால், மனம் சரியாகும் வேளையில் மூச்சு திணறும்.

பதின்வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை ஒடுங்கிப் போய் உட்கார்ந்திருந்தால், ‘வாழவே பிடிக்கலன்னு எப்பவாவது தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கு உண்டு. கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. மனத்தில் இருப்பது வெளியே வர வழிதான் கிடைக்கிறது. ஆமாம் என்று பதில் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். ஹாஸ்டலில் விட்டிருப்பவர்கள் வார்டனிடம் மாத்திரையைக் கொடுக்கும்போதே இந்த விஷயத்தையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

இவ்வளவு சொன்னதால் இது ஆகாத மாத்திரை என்று தூக்கி எறிந்துவிட வேண்டாம். அதன் வேலை தெரிந்தால் எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்பது புரியும். தூசியோ, பூந்தாதோ, புகையோ பட்டதும் நம் உடம்பின் சில செல்கள் லூகோட்ரையீன் என்ற பொருளைச் சுரக்கின்றன. அதுதான் மூச்சுக்குழாயைச் சுருக்கி, உட்சுவரை வீங்க வைத்து, சளியைச் சேர்க்கிறது. அந்தப் பொருளின் ரசாயன அமைப்பைக் கண்டறிந்தவர் ஸ்வீடனின் பெங்ட் சாமுவேல்சன். 1982-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர். லூகோட்ரையீன் போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் மாண்டெலூகாஸ்ட் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. வீக்கம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் பலன். ஏற்கெனவே இறுகிப்போன மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் விரித்துவிடும் சக்தி அதற்குக் கிடையாது.

இதைப் புரிந்துகொள்ளாமல் நடப்பதுதான் எனக்கு மிகுந்த பயத்தைத் தருகிறது. ராத்திரி பதினொரு மணிக்குக் கடையை அடைக்கும் நேரத்தில் ஓடிவந்து, ‘குழந்தைக்கு இழுக்குது, அந்த மாத்திரையைக் கொடுங்க’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இழுக்கும்போது வேண்டியது சால்பூட்டமால் பஃப். ஸ்பேசர் என்ற குழாயில் பொருத்தி, சின்னக் குழந்தையானால் முகமூடியும் வைத்து, மருத்துவர் சொல்லிக் கொடுத்த கணக்கில் கொடுக்க வேண்டும். மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பது கையில் இருக்கும் நேரத்தைத் தொலைப்பது. மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தால், ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், பஃப் கொடுத்தும் தணியாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும் வரையில் பஃப் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.

பஃப் என்றதும் முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ‘பழகிடும்’, ‘அதுவே கதின்னு ஆயிடும்’, ‘பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் பேசும்போது பார்த்தா என்ன நினைப்பாங்க?’ இப்படிப் பல காரணங்கள். மாத்திரை என்றால் யார் கண்ணிலும் படாது, தண்ணீரோடு உள்ளே போய்விடும். அதனால்தான் பலர் பஃப்பை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். இது தவறு. ஆஸ்துமாவைக் கட்டுக்குள் வைக்கும் முதல் மருந்து, உறிஞ்சும் ஸ்டீராய்டுதான். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயப்படுகிறீர்கள். அதன் அளவு மைக்ரோகிராமில், அதாவது மில்லிகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கில்தான் கணக்கிடப்படுகிறது. வேண்டிய இடமான நுரையீரலுக்கே நேராகப் போகிறது. உறிஞ்சிய பிறகு வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாய்ப்புண்ணும் பெரும்பாலும் வராது. மாண்டெலூகாஸ்ட் அதற்குத் துணையாக வருவது. அல்லது பஃப் பிடிக்கவே முடியாத நிலையில் மருத்துவர் யோசித்து எழுதுவது.

வெறும் மூக்கொழுகலுக்கும் தும்மலுக்கும் இதைக் கொடுப்பது பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். மார்கழிப் பனியில் தும்மல், போகியன்று தெருவெல்லாம் எரியும் டயர் புகையில் கண் எரிச்சல், அடைமழைக்குப் பிறகு ஈரச்சுவரில் பூஞ்சை பிடித்து மூக்கடைப்பு, ஊரைச் சுற்றிப் பார்த்தீனியம் பூக்கும் நாட்களில் அரிப்பு என்று நம் பிள்ளைகளுக்குப் பருவத்துக்கு ஒன்று வருகிறது. மூச்சு இழுப்பு இல்லாமல் இவை மட்டும் இருந்தால் மாண்டெலூகாஸ்டில் தொடங்க வேண்டியதில்லை. அதிகம் மயக்காத அலர்ஜி மாத்திரை, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே, உப்புநீரால் மூக்கைக் கழுவுவது ஆகியவை இருக்கின்றன. மூக்கு அலர்ஜிக்கு அந்த ஸ்ப்ரேதான் கூடுதல் பலன் தருவது. மற்ற மருந்துகள் பலிக்காவிட்டால், அல்லது ஒத்துக்கொள்ளாவிட்டால் மட்டுமே மூக்கு அலர்ஜிக்கு மாண்டெலூகாஸ்ட் என்றுதான் 2020 எச்சரிக்கையும் சொன்னது. உங்கள் மருத்துவர் இதை எழுதினால் ‘மூக்குக்கு மட்டும்னா வேற ஏதாவது முதல்ல பார்க்கலாமா டாக்டர்?’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

எழுதிக் கொடுத்துவிட்டார், வாங்கியும் வந்துவிட்டீர்கள் என்றால் அளவில் கவனம் வேண்டும். 2 முதல் 5 வயது வரை 4 மில்லிகிராம், 6 முதல் 14 வரை 5, 15 வயதுக்கு மேல் 10. எந்த வயதிலும் நாளைக்கு ஒரு வேளைதான். ஆஸ்துமாவுக்கு மாலையில் கொடுப்பது வழக்கம். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கவலை வேண்டாம், எப்படியும் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கான 4, 5 மில்லிகிராம் மாத்திரைகளில் பெரும்பாலானவை மென்று தின்பதற்கானவை. ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும் கொடுங்கள். நேற்றையதையும் சேர்த்து இரண்டாகக் கொடுக்கக் கூடாது.

அப்பாவுக்கு எழுதிய 10 மில்லிகிராம் எல்.சி. மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கணக்கு சரியாக வருவது போலத் தோன்றும். ஆனால் கூடவே இருக்கும் லீவோசெட்ரிசினும் உள்ளே போகிறது. அந்த வயதுக்கு, அந்த எடைக்கு அது எவ்வளவு என்பதை யாரும் பார்ப்பதில்லை. லீவோசெட்ரிசின் தூக்கம் வரவழைக்கும். வகுப்பில் சொக்கி விழும் பிள்ளை சோம்பேறி ஆகிவிடாது. பெரியவர்கள் அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவது ஆபத்து, மது சேர்ந்தால் இன்னும் மோசம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். நெடுநாள் சாப்பிட்டு நிறுத்தியவர்களில் சிலருக்கு உடம்பெல்லாம் கடுமையான அரிப்பு வந்திருப்பதாக 2025-இல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. இதற்கு மேல் சளி சிரப் வேறு கொடுத்தால், அதற்குள்ளும் பெரும்பாலும் ஒரு அலர்ஜி மருந்து இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாகத் தூக்க மருந்தாகவே சேர்ந்துவிடும்.

காய்ச்சலுக்கு எதைக் கொடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்லோஃபினாக் போன்ற வலி மருந்துகள் மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும். மாண்டெலூகாஸ்ட் சாப்பிடுகிறோமே என்று அவற்றைத் துணிந்து சாப்பிட முடியாது. அதிலிருந்து இது காப்பாற்றாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டால் சாப்பிடுபவர்களுக்கு உடம்பில் மாண்டெலூகாஸ்டின் அளவு குறைந்துவிடும். கூட என்னென்ன மருந்து ஓடுகிறது என்று மருத்துவரிடம் சொன்னால்தான் அவர் அதற்கேற்ப முடிவெடுக்க முடியும்.

இனி என் தொழிலைச் சேர்ந்த ஒரு வேண்டுகோள். ‘ரெண்டு மாத்திரை மட்டும் வெட்டிக் கொடுங்க’ என்று கேட்கிறீர்கள். கையில் காசு இல்லாத நாள் எல்லோருக்கும் வரும், அது எனக்குத் தெரியும். ஆனால் அட்டையைக் கத்தரித்ததும் மருந்தின் பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி இன்னொரு துண்டிலும் போய்விடுகின்றன. ஒரு வாரம் கழித்து அது என்ன மாத்திரை என்று உங்களுக்கும் தெரியாது, அவசரத்தில் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. அப்படி வாங்கும்போது பெயரும் தேதியும் உள்ள துண்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைக்கவும் வேண்டாம். மாண்டெலூகாஸ்டுக்கு வெளிச்சமும் ஈரமும் ஆகாது. அட்டையின் மேல் சிவப்புக் கோடும் ஆர்.எக்ஸ். என்ற எழுத்துகளும் இருப்பதைப் பாருங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்பதற்கான அடையாளம் அது. சீட்டைக் கேட்கும் கடைக்காரர் மேல் கோபப்படாதீர்கள். கேட்காமல் எடுத்து நீட்டுபவர்தான் உங்கள் பிள்ளைக்குக் கெடுதல் செய்கிறார்.

இரண்டு மூன்று வருடத்துக்கு முன் எழுதிய சீட்டு, மடித்த இடமெல்லாம் கிழிந்த நிலையில் அடிக்கடி என் கைக்கு வருகிறது. அன்று எட்டு வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று பத்து, பதினொன்று. தொந்தரவு இன்னும் இருக்கிறதா, இந்த மாத்திரையால்தான் குறைந்ததா, வேண்டாத மாதங்களில் நிறுத்திப் பார்க்கலாமா என்று யாரும் கேட்டதில்லை. தொடங்கிய சில வாரங்களில் மருத்துவரிடம் போய், பலன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தொடர்வதற்கு ஏது காரணம்? இருந்தால், எவ்வளவு நாள் என்று கேட்டு அதையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, பலருக்கும் தெரியாத ஒரு வழி இருக்கிறது. மருந்தால் கெடுதல் நேர்ந்ததாகச் சந்தேகம் வந்தால் மருத்துவர் மட்டுமல்ல, நீங்களே புகார் செய்யலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. மருந்தால்தான் வந்தது என்று நிரூபித்துவிட்டுப் பேச வேண்டியதில்லை, சந்தேகம் இருந்தாலே போதும். கூப்பிடும்போது அட்டை கையில் இருக்கட்டும். பெயரும் தொகுதி எண்ணும் கேட்பார்கள். மாத்திரை தொடங்கிய தேதி, மாற்றம் தெரிந்த தேதி, கூடச் சாப்பிட்ட மருந்துகள் ஆகியவற்றையும் சொல்லுங்கள். வெளிநாடுகளில் இந்த எச்சரிக்கைகள் எழுந்ததே இப்படிப்பட்ட புகார்கள் வந்து சேர்ந்ததால்தான். நம் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்பதும் அதே மாதிரிப் பதிவாக வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஊர் மருந்தாளுநர்